கோப்பு வந்த கதை – 17: தாய்மாமன் பெயரை அழித்தது யார்?

ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்த காலத்தோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். அந்த நடையை ஒழித்தது கணினிகளை இணைக்கும் கம்பி. கம்பி வந்தால் கவலை தீர்ந்தது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். என் நம்பிக்கையைக் கலைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை.

தொண்ணூறுகளின் கடைசி. புதுச்சேரியில் ஓர் அச்சகத்தின் டிடிபி அறையில் எனக்கு வேலை. அச்சகத்தின் பெயர் வேண்டாம், முதலாளி நல்லவர். மூன்று கணினிகள், டிவி கேபிள் மாதிரி ஒரே கறுப்புக் கம்பியில் பூக்கட்டியதுபோல் கோத்திருக்கும். கம்பியின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்று விரல் நுனியளவு உலோகக் குமிழ். பெருக்க வரும் அம்மாவின் துடைப்பம் பட்டு அது கழன்றால் போதும், மூன்று கணினிகளும் ஒன்றையொன்று அடியோடு மறந்துவிடும். முதலாளியின் கணினியில் ஒரு பொதுக் கோப்புறை இருந்தது. எல்லா வேலையும் அதில்தான்.

பத்திரிகை இரண்டு மொழியில். மாப்பிள்ளை வீட்டார் பாரீஸ்வாசிகள். பெண் வீடு முத்தியால்பேட்டை. புதுச்சேரிக்கு இது சாதாரணம். பக்கம் வடிவமைக்கும் முன் பெயர்களை எல்லாம் ஓர் எளிய எடிட்டரில் தட்டி வைப்போம். காலை பதினொரு மணிக்கு நான் அந்தக் கோப்பைத் திறந்து, பிரெஞ்சுப் பக்கத்தில் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதே கோப்பைப் பக்கத்து மேசை நண்பனும் திறந்தான். தமிழ்ப் பக்கத்தில் விடுபட்டிருந்த தாய்மாமன் பெயரைச் சேர்த்தான், சேவ் செய்தான், ப்ரூஃப் எடுத்துக் கொடுத்தான். பெண்ணின் அப்பா பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் சாப்பிட்டுவிட்டு வந்து, மீதித் திருத்தங்களை முடித்து, நல்ல பிள்ளையாக சேவ் செய்தேன். பிளேட்டுக்கான பிரிண்ட் அதிலிருந்து போனது. ஐந்நூறு பிரதி.

மூன்றாம் நாள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு தாய்மாமன் வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாப்பது வருஷமா அந்த வீட்டுக்குச் சீர் செஞ்சிட்டு வரேன். எம் பேரு எங்கய்யா?"

முதலாளி ப்ரூஃபை எடுத்து விரித்தார். அதில் பெயர் இருந்தது. அச்சில் இல்லை. "ப்ரூஃப்ல இருக்குதுங்களே! உங்க மச்சான் கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க."

"அப்ப நடுவுல யார் எடுத்தது?"

யாரும் எடுக்கவில்லை. நண்பன் சேர்த்தது உண்மை. நான் தமிழ்ப் பக்கத்தைத் தொடாததும் உண்மை. இருந்தும் பெயரை அழித்தவன் நான்தான். அன்றைக்கு இதை அவருக்கு விளக்க எனக்கே தெரியாது. ராத்திரியோடு ராத்திரியாக முதலாளி தன் செலவில் ஐந்நூறையும் திரும்ப அடித்துக் கொடுத்தார்.

என்ன நடந்தது? பீரோவிலிருந்து காகிதக் கோப்பை ஒருவர் எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்கும். அடுத்து வருபவர் "யாரோ வைத்திருக்கிறார்கள்" என்று திரும்பிப் போவார். கணினியில் கோப்பைத் திறந்தால் இடம் காலியாவதில்லை. திறப்பது என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பிரதி எடுப்பது. சேவ் என்று சொல்வது, அங்கே இருப்பதை வழித்துப் போட்டுவிட்டு நம் பிரதியை வைப்பது. நான் பதினொரு மணிக்கு எடுத்த பிரதியில் தாய்மாமன் இல்லை. மூன்று மணிக்கு அந்தப் பிரதியையே திரும்ப வைத்தேன். இடையில் நண்பன் வைத்தது என் பிரதிக்கு அடியில் காணாமல் போனது. கணினி ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. அந்த எடிட்டருக்கு எச்சரிக்கவும் தெரியாது.

மறுநாள் முதலாளி ஒரு டீ கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். கிளாஸ் யார் மேசையில் இருக்கிறதோ அவர்தான் பொதுக் கோப்பைத் திருத்தலாம். மற்றவர்கள் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. கோப்புப் பூட்டு என்ற பெரிய தத்துவத்தை நான் முதலில் கற்றது அந்தக் கிளாஸில்தான். அதன் குறையையும் அதிலேயே கற்றேன். ஒரு சனிக்கிழமை நண்பன் கிளாஸைத் தன் மேசையிலேயே வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். திங்கள் வரை வேலை நின்றது. இன்றும் அலுவலகங்களில் ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தால், இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று பெட்டி வரும். இன்னாரோ லீவில் இருப்பார். அவர் கணினி பாதியில் அணைந்திருக்கும். அவர் விட்டுப்போன டீ கிளாஸ்தான் அந்தப் பெட்டி.

ஒரே ஆவணத்துக்கு இரண்டு பிரதி, இரண்டிலும் கை படுகிறது, எது சரி என்ற சிக்கல் கணினியோடு பிறந்ததல்ல. புதுச்சேரி அதை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறியும்.

1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த புதுச்சேரி தரைமட்டமாக்கப்பட்டது. ஊர் போனால் ஊரின் தஸ்தாவேஜும் போகும். காலனிகள் எல்லாவற்றிலும் இதே கதைதான்: போர் இல்லாவிட்டால் புயல், புயல் இல்லாவிட்டால் கரையான். 1776 ஜூனில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள், நோட்டரிப் பத்திரங்கள், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றுக்குக் காலனிகளில் ஒரு பிரதி கூடுதலாக எழுதி, கப்பலில் வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். பழைய பதிவேடுகளையும் நகலெடுத்து அனுப்ப வேண்டும். நல்ல வேளையில் வந்த ஆணை. இரண்டே ஆண்டில், 1778-இல், புதுச்சேரி மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்த வெர்சாய்ப் பிரதிகளின் வாரிசுகள் இன்று தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில், கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரியின் பழைய பதிவேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து வலையில் வைத்திருக்கிறார்கள். லாஸ்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு தாத்தாவின் தாத்தா கல்யாணத்தைத் திறந்து பார்க்கலாம். பார்க்க மட்டும்தான்; திருத்தி சேவ் செய்ய முடியாது. தாய்மாமன்களுக்குப் பாதுகாப்பான ஏற்பாடு.

பிரெஞ்சுக்காரர்கள் வெறுமனே இரண்டாம் பிரதி எழுதி வைத்ததோடு விடவில்லை. பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதும் வழக்கம் அவர்களுடையது. பிறப்புப் பதிவின் ஓரத்தில் பின்னாளில் கல்யாணம் ஏறும், மணவிலக்கு ஏறும், பெயர்த் திருத்தத் தீர்ப்பு ஏறும். பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 49-ஆம் பிரிவு, இந்த ஓரக் குறிப்பு இரண்டு பதிவேட்டிலும் ஒரே மாதிரி ஏற வேண்டும் என்றது. ஊராட்சியில் உள்ள பிரதியில் எழுதியவர், நீதிமன்றத்தில் உள்ள பிரதிக்கும் தகவல் அனுப்பியாக வேண்டியிருந்தது. பிரதி எடுப்பது எளிது, எடுத்த பிரதிகளை ஒத்துப்போக வைப்பதுதான் வேலை என்பதை நீதித் துறை எழுத்தர்கள் கணினிக்காரர்களுக்கு வெகு முன்பே புரிந்துவைத்திருந்தார்கள்.

புரிந்துவைத்திருந்தும் பிசகியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தப்படி புதுச்சேரி சட்டப்பூர்வமாக இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் குடும்பங்களுக்கு அன்றிலிருந்து இரண்டு அரசாங்கங்களில் இரண்டு காகிதங்கள். 'எத்தா சிவில்' என்று புதுச்சேரிக் கிழவிகளும் சொல்லும் குடிமைப் பதிவில் ஒருவர் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துக்கூட்டலில் இருப்பார், ரேஷன் அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டலில். இங்கே அப்பா பெயர் தலையெழுத்து. அங்கே அதுவே குடும்பப் பெயர். இங்கே ஒரே ஆள். அங்கே இரண்டு ஆள். இரண்டையும் ஒத்துப்போக வைக்க நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி, மொழிபெயர்த்து, முத்திரை வைத்து அலைந்தவர்களை எனக்கே தெரியும். கடற்கரையில் பழைய 'மேரி' என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய சாயலிலேயே 2021-இல் மறுபடி எழுந்தது. கட்டடத்துக்குப் பிரதி எடுப்பது சுலபம். ஓர் எழுத்து மாறிப்போன பெயருக்குத்தான் இத்தனை பாடு.

இனி கணினிக்காரர்களிடம் வருவோம். எண்பதுகளின் முதல் பாதியில் நான்கு இடங்களில் ஒரே சமயத்தில் இந்தச் சிக்கலைப் பிடித்துக்கொண்டார்கள். ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் என்பவர் எஸ்எம்பி என்ற நெறிமுறையை உருவாக்கினார். பின்னால் மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்து விண்டோஸின் பொதுக் கோப்புறைக்கு அடிப்படையாக்கியது. நாவெல் நிறுவனம் நெட்வேரைக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கணினிப் பயிற்சி மையங்களில் நெட்வேர் சான்றிதழ் தங்கக் காசு மாதிரி மதிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் என்எஃப்எஸ் கொடுத்தது. அதன் விசேஷம் மறதி. யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. கரண்ட் போய் வந்தால் எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும். நினைவே இல்லாதவனிடம் பூட்டுச் சாவியைக் கொடுத்து வைக்க முடியாதல்லவா? பூட்டுக்குத் தனியாக ஓர் ஆளை நியமிக்க வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்த கதை நான்காவது. அதில் நம்ம ஊர் வாசனை உண்டு.

மகாதேவ் சத்யநாராயணன் சென்னை ஐஐடியில் இளநிலையும் முதுநிலையும் முடித்து, 1983-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தப் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து அப்போது ஆண்ட்ரூ என்றொரு திட்டத்தைத் தொடங்கியிருந்தன. ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் என்ற இரண்டு கொடையாளர்களின் பொதுப் பெயர் அது. வளாகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் எதில் உட்கார்ந்தாலும் ஒரு மாணவருக்குத் தன் கோப்புகள் கண்முன் இருக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்கான கோப்பு அமைப்பின் முதன்மைச் சிற்பிகளில் ஒருவர் சத்யநாராயணன்.

அவர்கள் செய்த துணிச்சலான காரியம், கோப்பைத் 'திறக்கிறோம்' என்ற பொய்யைப் பொய் என்று ஒத்துக்கொண்டதுதான். திறப்பது என்றால் பிரதி எடுப்பதுதானே? சரி, முழுக் கோப்பையும் பிரதி எடுத்து உன் கணினியின் வட்டிலேயே வைத்துக்கொள். படி, எழுது, சர்வரைத் தொந்தரவு செய்யாதே. மூடும்போது மாறியிருந்தால் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்? கடைசியாக மூடியவர் எழுதியது நிற்கும். ஆம், என் அச்சகத்தில் நடந்தது அப்படியே. ஆனால் ஒரு வாக்குறுதி சேர்த்தார்கள். நீ வைத்திருக்கும் பிரதியை வேறொருவர் மாற்றி சேவ் செய்தால், சர்வர் உனக்குச் சொல்லி அனுப்பும். அடுத்த முறை திறக்கும்போது புதியது வரும். சொல்லி அனுப்பாதவரை உன் பிரதி செல்லும் என்று நம்பலாம். 49-ஆம் பிரிவின் ஓரக் குறிப்புத் தகவல் இதற்கு ஒன்றுவிட்ட பாட்டன். ஆண்ட்ரூ கோப்பு அமைப்பு 2016-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் விருதைப் பெற்றது.

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது. சர்வரோடு தொடர்பே அறுந்துபோனால்? 1987-இல் அவர் தொடங்கிய கோடா என்ற அடுத்த அமைப்பு இதைக் கையில் எடுத்தது. தொடர்பு இருக்கும்போதே தேவைப்படும் கோப்புகளைப் பதுக்கி வைத்துக்கொள். தொடர்பு போனால் பதுக்கியதை வைத்து வேலை செய். திரும்பியதும் கணக்கை நேர் செய். பஞ்சத்துக்கு முன்னால் குதிரில் நெல் கொட்டி வைப்பது போல. நேர் செய்யும்போது இரண்டு பேர் ஒரே கோப்பை மாற்றியிருந்தால் மோதல் வருமே என்று கேட்டார்கள். அதற்குப் பதிலாக சத்யநாராயணனும் அவர் மாணவர் ஜேம்ஸ் கிஸ்லரும் 1991-இல் ஒரு புள்ளிவிவரத்தை வைத்தார்கள். தங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ சர்வர்களைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், 99 சதவீதத்துக்கு மேலான மாற்றங்களைச் செய்தவர், அதே கோப்பை முந்தைய முறை மாற்றியவரேதான். ஒரு நாளுக்குள் இரண்டு வெவ்வேறு பேர் ஒரே கோப்பை மாற்றும் வாய்ப்பு அதிகபட்சம் 0.75 சதவீதம். பொதுக் கோப்பு என்று பெயர். உண்மையில் எழுதும் கை ஒன்றே. மற்ற கைகள் புரட்டிப் பார்ப்பவை.

அந்த 0.75-க்குள் விழுந்தவன் நான்.

ஐந்தாவது கதையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1991-92 வாக்கில், கம்பியில் போய்வரும் பொட்டலங்களைக் கவனித்தே கோப்புப் பகிரும் சர்வர் நிரல் ஒன்றை எழுதினார். வைத்த பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரியதால் புதுப் பெயர் தேவைப்பட்டது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியின் சொற்பட்டியலில் தேடினார். சாம்பா கிடைத்தது. பட்டியலில் சால்மன்பெர்ரியும் இருந்தது, தப்பித்தோம். லினக்ஸ் கணினியும் விண்டோஸ் கணினியும் ஒரே கோப்புறையைப் பகிர்ந்துகொள்ள இன்றும் சாம்பாதான்.

1998. இதே புதுச்சேரியில், நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வில்லியனூரில் நடந்தது எனக்கு அப்போது தெரியாது. டீ கிளாஸைச் சுற்றி நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையம் அமைத்திருந்தது. தகவல் கிராமத் திட்டம் என்று பெயர். கனடாவின் ஐடிஆர்சி பணம் கொடுத்தது, வி. பாலாஜி தொழில்நுட்பத்தைக் கவனித்தார். தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் திட்டத்தின் இன்னொரு தூண். எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், கீழூர் என்று ஊர்களில் கணினி மையங்கள். கீழூரைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்த இடம்.

நிறுவனம் போட்ட நிபந்தனை எளிது. கணினியும் கருவிகளும் நாங்கள் தருகிறோம். இடமும் ஆளும் ஊர் தர வேண்டும். சாதி, ஆண் பெண் பார்க்காமல் எல்லாரும் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே இடம் கொடுத்தார்கள். தன்னார்வலர்களில் பாதிப் பேர் பெண்கள்.

கம்பி? அங்கேதான் விஷயம். எல்லா ஊருக்கும் நம்பகமான தொலைபேசி இல்லை. எனவே கம்பியும் கம்பியில்லாததும் கலந்த வலை. போலீஸ்காரர் தோளில் கரகரக்கும் அதே வகை விஎச்எஃப் ரேடியோவை மோடம் வழியாகக் கணினியோடு இணைத்தார்கள். ஒரே கருவியில் பேசவும் முடியும், கோப்பும் அனுப்ப முடியும். மின்சாரம் போகும் ஊர்களுக்குச் சூரிய பலகை. ரேடியோ வலைக்காக 1999-இல் மோட்டரோலா விருது கிடைத்தது. 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது.

இப்படிப்பட்ட இணைப்பில் வில்லியனூரில் உள்ள கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எம்பலத்தில் எழுத முடியாது. போக வேண்டியது பிரதிதான். தொடர்பு அறுந்தாலும் ஊரில் இருக்கும் பிரதி வேலை செய்ய வேண்டும். கோடா ஆய்வுக்கூடத்தில் கற்பனை செய்த நிலைமை இங்கே அன்றாடம். வில்லியனூர்க்காரர்கள் கோடாவை வைத்து எதையும் கட்டவில்லை. கட்டத் தேவையும் இருக்கவில்லை. அரசுத் திட்டங்களின் பட்டியல், வறுமைக் கோட்டுப் பட்டியல், பேருந்து நேரம், தானிய விலை போன்றவை மையத்திலிருந்து ஊருக்குப் போயின. ஊரில் திரட்டிய தகவல்கள் ஊரிலிருந்து மையத்துக்கு வந்தன. 'நம்ம ஊரு செய்தி' என்று மாதம் இருமுறை ஒரு பத்திரிகைகூட வந்தது. ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறவர் யார் என்பது தெளிவு. அந்த 99 சதவீதத்தை யாரும் படித்துவிட்டுச் செய்ததில்லை. கிராமத்துக் கணக்குப்பிள்ளை மரபே அதுதானே. ஒரு நோட்டு, ஒரு கை.

வேறு ஒரு சங்கடம் எல்லாத் தமிழ்க் கோப்புகளையும் அன்று பிடித்து ஆட்டியது. கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேரும். திறந்தால் படிக்க முடியாது. அனுப்பியவரின் எழுத்துரு பெற்றவரிடம் இருக்காது. அன்றைய தமிழ்க் கோப்புகளில் தமிழே கிடையாது என்பது பலருக்கு இன்றும் தெரியாது. உள்ளே இருந்தது ஆங்கில எழுத்துக்கான எண்கள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடி மாட்டியது. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கோப்புக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். முகமூடி இல்லாத கணினியில் அம்மா அப்படித்தான் வந்து நிற்பாள். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி முகமூடி விற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டுத் தரங்களையும் ஒரு விசைப்பலகையையும் முன்வைத்தது. இணையத்தில் கூடிய தமிழர்கள் டிஸ்கியை உருவாக்கினார்கள். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வரும்வரை சாதாரணக் கணினியில் அது ஏறவில்லை. சேர்ந்து எழுதுவதற்கு முன்னால் ஒரே எழுத்தில் எழுத வேண்டும் என்ற சின்ன உண்மைக்கு நமக்குப் பத்து ஆண்டு பிடித்தது.

வீராம்பட்டினத்துக்கு எழுத்துச் சிக்கல் குறைவு. அங்கே போனது ஒலி. செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்குப் பெயர்போன அந்த மீனவ ஊருக்கு வேண்டியது ஒரே தகவல்: நாளைக்கு அலை எப்படி? அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வங்கக் கடலுக்கான அலை உயர முன்கணிப்பு வரைபடமாகக் கிடைத்தது. வில்லியனூரில் அதை இறக்கி, புதுச்சேரிக் கரைக்கு என்ன அர்த்தம் என்று பார்த்து, தமிழில் பேசிப் பதிவு செய்து ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் மையம் அதைக் கரையோர ஒலிபெருக்கிகளில் போட்டது. யாரோ ஓர் அட்மிரலுக்காகத் தயாரித்த கோப்பு, வலை பின்னிக்கொண்டிருப்பவர் காதில் விழுந்தது. மறுநாள் கோப்பு வந்ததும் நேற்றையது செல்லாக் காசு. உலகத்தில் எத்தனையோ கோப்புகளைப் பழைய பிரதி அழிந்துவிட்டதே என்று தேடி அழுதிருக்கிறோம். நேற்றைய அலையை யாரும் தேடவில்லை.

வீராம்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரமாகவே நல்லவாடு இருக்கிறது. அங்கும் ஒரு மையம், ஒலிபெருக்கியோடு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அவ்வூர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். முன்பு அந்த மையத்தில் தன்னார்வலராக இருந்தவர். தொலைக்காட்சியில் சுமத்ரா நிலநடுக்கச் செய்தியையும் அலைச் செய்தியையும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசி போட்டார். கடல் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். ஓடுங்கள் என்றார்.

மையத்துக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியைப் போட்டார்கள். அன்று எந்தக் கோப்பும் வரவில்லை. அலை முன்கணிப்பு எதிலும் சுனாமி இருக்கவும் இருக்காது. மைக்கைப் பிடித்தவர் வாயில் வந்ததைச் சொன்னார். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த நல்லவாட்டில் ஓர் உயிரும் போகவில்லை என்று செய்திகள் வந்தன.

உடைத்த பூட்டுக்கு யாரும் கணக்குக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

(அடுத்த இதழில்: ஒரே பக்கத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுதும் வித்தை வந்தது எப்படி?)